பாட்டியின் மெத்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?



மூட்டுவலியுள்ள பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலையில் அவர்கள் எழுந்திருப்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கண் விழித்தவுடன் அவர்கள் எழுந்துவிடுவதில்லை. முதலில் விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவார்கள். பிறகு ஒருக்களித்துப் புரளுவார்கள். கையை ஊன்றி, 'அப்பாடா' என்று உட்காருவார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். அதற்குள் நீங்கள் துள்ளி எழுந்து பல் துலக்கியே முடித்திருப்பீர்கள்!

இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வீட்டில் பேச்சு எழும். "அம்மாவுக்கு நல்ல மெத்தையாக ஒன்று வாங்கிப் போடவேண்டும்" என்பார் அப்பா. "கட்டாந்தரையில் படுத்தால் வலியெல்லாம் பறந்துவிடும்" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர். "ஆர்த்தோபெடிக் மெத்தை என்று விளம்பரம் வருகிறதே, அதையே வாங்கிவிடலாம்" என்பார் சித்தப்பா. "விலை கூடியதுதான் நல்லதாக இருக்கும்" என்பார் அத்தை. இத்தனை பேரும் பேசுவார்கள். பாட்டியை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்!

இது சரியல்ல என்பது என் கருத்து. மெத்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அதில் படுக்கப் போகிற பாட்டிதான். அவருக்குத் துணை நிற்கும் விஞ்ஞானியாக இருக்க வேண்டியவர் நீங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

கடினமும் மென்மையும்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். பாட்டியின் எடை 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் உடல் தரையை ஏறத்தாழ 600 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது. வெறுந்தரையில் மல்லாந்து படுத்தால் உடம்பு முழுவதும் தரையைத் தொடுவதில்லை. பின்தலை, தோள்பட்டை, பிட்டம், குதிகால் ஆகியவைதான் தொடுகின்றன. தொடும் பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று கொண்டால், சராசரி அழுத்தம் 6000 பாஸ்கல். அதாவது சுமார் 45 மில்லிமீட்டர் பாதரசம். உடம்பின் வளைவுகளுக்கு ஏற்ப அமுங்கிக் கொடுக்கும் மெத்தையில் அதே பரப்பு 0.2 சதுர மீட்டர் ஆனால், அழுத்தம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? தோலுக்கு அடியில் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இரத்தம் பாயும் அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசம்தான். வெளி அழுத்தம் அதற்கு மேல் நீடித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த இடம் மரத்துப்போகும், வலிக்கும். உடனே நாம் புரண்டு படுக்கிறோம். உங்களுக்கும் எனக்கும் இது தூக்கத்திலேயே நடந்துவிடும். மூட்டுவலிக்காரர் அப்படியல்ல. புரளும்போது இடுப்பும் முழங்காலும் வலிக்கும், தூக்கம் கலையும். இரவில் பத்து முறை புரண்டால் பத்து முறை விழிப்பு! மேலும், முதுமையில் தசையும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பும் மெலிந்துவிடுவதால், எலும்பு மேடிட்ட இடங்களில் தரை இன்னும் அதிகமாக உறுத்தும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கோழிமுட்டையை எவர்சில்வர் தட்டில் வையுங்கள். அது ஏறக்குறைய ஒரு புள்ளியில்தான் தட்டைத் தொடும். இப்போது தட்டில் அரிசியைக் கொட்டி, முட்டையை லேசாகப் பதித்து வையுங்கள். எத்தனை அரிசிமணிகள் அதைத் தாங்குகின்றன, பார்த்தீர்களா? நல்ல மெத்தை செய்யும் வேலை இதுதான்.

அப்படியானால் மெத்தை எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. தொய்ந்துபோன நாடாக் கட்டிலில் படுத்திருக்கிறீர்களா? கனமான இடுப்புப் பகுதி கீழே இறங்கிவிடும். முதுகெலும்பு வில்லாக வளையும். புரள வேண்டுமென்றால் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுவது போல முயல வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இது தரையைவிடப் பெரிய தொல்லை.

ஆகவே நடுத்தரம்தான் நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் யாருக்கு நடுத்தரம்? சுருள்வில் நீளும் அளவு அதன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். ஸ்பிரிங் மெத்தையும் ஏறத்தாழ அப்படித்தான் அமுங்குகிறது. 45 கிலோகிராம் எடையுள்ள பாட்டிக்குப் பலகை போல் இருக்கும் மெத்தை, 90 கிலோகிராம் எடையுள்ள பெரியப்பாவுக்குப் பஞ்சுப்பொதி போல் இருக்கும். மெத்தையின் மேல் ஒட்டிய சீட்டில் 'நடுத்தரம்' என்று அச்சடித்திருந்தால் போதுமா? படுப்பவர் எடை அந்தச் சீட்டுக்குத் தெரியாதே!

ஒரு சொல்லின் கதை

சித்தப்பா சொன்ன 'ஆர்த்தோபெடிக்' என்ற சொல்லைக் கொஞ்சம் ஆராய்வோம். 1741-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி உண்டாக்கிய சொல் இது. கிரேக்க மொழியில் 'நேரான' என்றும் 'குழந்தை' என்றும் பொருள்படும் இரண்டு சொற்களை அவர் சேர்த்தார். குழந்தைகளின் உடல் கோணல்களைத் தடுப்பதும் சரிசெய்வதும் அவர் நூலின் பொருள். பிறகு அது எலும்பு, மூட்டு மருத்துவத்துக்கே பெயராயிற்று. அந்தச் சொல்லை ஒரு மெத்தையின் மேல் அச்சடித்துவிட்டதாலேயே அந்த மெத்தை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. "எந்தச் சோதனை? எத்தனை பேரிடம்? எதோடு ஒப்பிட்டு?" என்று கேட்பதற்குப் பழகுங்கள்.

உண்மையான சோதனை எப்படி இருக்கும்? ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். யார் எந்தக் குழு என்பது குலுக்கல் முறைப்படி முடிவாயிற்று. ஒரு குழுவுக்குக் கடினமான மெத்தை. மற்றதற்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தை. தமக்குக் கிடைத்தது எது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது. வலியை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 'இது நல்ல மெத்தை' என்ற எண்ணமே வலியைக் குறைத்துக் காட்டிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 90 நாட்களுக்குப் பின் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே படுக்கையிலும் எழும்போதும் வலி குறைந்து நல்ல பலன் பெற்றிருந்தார்கள். 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

வலி என்றால் கட்டாந்தரை என்ற பேச்சுக்கு இது சரியான பதில். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இது இடுப்பு வலிக்கான சோதனை. எல்லா மூட்டுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. மேலும், சராசரி மனிதர் என்று ஒருவர் எந்த வீட்டிலும் இல்லை. நம் வீட்டில் இருப்பவர் பாட்டி!

பஞ்சா, நாரா, நுரையா?

இலவம்பஞ்சு இழை உள்ளே குழல் போன்றது. அதனால் மெத்தை இலேசாக இருக்கும். ஆனால் நாளடைவில் பஞ்சு அமுங்கிக் கட்டிதட்டிப் போகும். அப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கவேண்டும். விரல் மூட்டு வீங்கிய பாட்டியால் அதைத் தூக்க முடியாது. அந்த வேலை உங்களுடையது.

தேங்காய் நாரில் ரப்பர்பால் தெளித்துச் செய்யும் மெத்தை கடினமாக இருக்கும். நார்களுக்கிடையே காற்றும் வியர்வை ஈரமும் போய்வரும். மிக மெலிந்த உடம்புக்கு இது உறுத்தலாம்; மேலே மெல்லிய பஞ்சு மெத்தை விரித்தால் சரியாகலாம்.

'மெமரி ஃபோம்' என்னும் நுரை, நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்காக 1966-இல் விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்டது. உடற்சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கி, மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பும். அழுத்தத்தைப் பரப்பிக் கொடுப்பதில் இது கெட்டிக்காரன். ஆனால் அந்த மெதுவான குணமே புரள்வதற்குத் தடையாகலாம். நம் ஊர்க் கோடையில் சூடும் தங்கும். இருக்கைக்கென்று பிறந்த பொருள் ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் இருக்கிறது, பாருங்கள்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள்

மெத்தையைப் பற்றிப் பேசும் எல்லோரும் மறக்கும் விஷயம் உயரம். தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போது முழங்கால் அதிகம் மடங்க வேண்டியிருக்கிறது. அதன்மேல் விழும் பளுவும் கூடுகிறது. பாயிலிருந்து எழுவது தேய்ந்த முழங்காலுக்குப் பெரும் பாடு. கட்டில் ஓரத்தில் பாட்டி உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று உயர்ந்தோ இருக்க வேண்டும். மெத்தையின் கனமும் இந்த உயரத்தில் சேரும் என்பதால், பாட்டி உட்கார்ந்தபின் அளந்து பாருங்கள். ஓரம் சரிந்து கொடுக்கும் மெத்தையானால் எழும்போது வழுக்கிவிடும். நள்ளிரவில் தனியாக எழுந்து போகும் ஒரு முதியவருக்கு இது சாதாரண விஷயமல்ல. ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

பணம் கொடுப்பதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதுங்கள். இரவில் எத்தனை முறை விழித்தீர்கள்? எழுந்தபின் மூட்டுப் பிடிப்பு விட எத்தனை நிமிடம் ஆயிற்று? பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு எத்தனை மதிப்பெண்?

அடுத்த வாரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படுக்கை கடினமாக இருந்தால் இரண்டு கனத்த போர்வைகளை மடித்து விரியுங்கள். தொய்வாக இருந்தால் மெத்தைக்கு அடியில் பலகை போடுங்கள். பழைய மெத்தையின் குறுக்கே நீண்ட கோல் ஒன்றை வைத்து, நடுவில் எவ்வளவு பள்ளம் என்றும் அளந்து எழுதுங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்தால் எதனால் பலன் என்று தெரியாது. இன்னொன்று: "வலி குறைந்துவிட்டது அல்லவா?" என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று பாட்டி 'ஆமாம்' என்றுவிடுவார்! பெரிய செலவில்லாத இந்தச் சோதனை, எத்தகைய மெத்தை தேவை என்பதைக் காட்டிவிடும்.

கடைக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள். கையால் அமுக்கிப் பார்ப்பது சோதனையல்ல. அவர் வழக்கமாகப் படுக்கும் விதத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்கவேண்டும், இருபுறமும் புரளவேண்டும், உதவியின்றி எழவேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையில் உங்கள் கை தாராளமாகப் போய்வந்தால் அது அவருக்குக் கடினம். நாலு பேர் பார்க்கக் கடையில் படுப்பதா என்று அவர் வெட்கப்படுவார். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போங்கள். முதலில் நீங்கள் படுத்துக் காட்டுங்கள், வெட்கம் போய்விடும்!

மெத்தை மருந்தாகாது

கடைசியாக ஒன்று. எந்த மெத்தையும் மூட்டு நோயைக் குணப்படுத்தாது. தேய்ந்த குருத்தெலும்பைப் பஞ்சோ நுரையோ வளர்க்காது. மூட்டுத் தேய்மானத்தில் காலைப் பிடிப்பு பொதுவாக அரைமணிக்குள் விட்டுவிடும். உடலின் தற்காப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் அது பெரும்பாலும் ஒரு மணிக்கு மேலும் நீடிக்கும். மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும். முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே மருந்தால் அடக்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். மெத்தையை நம்பி மாதங்களை வீணாக்கினால் விரல்கள் கோணிப்போனபின் வருந்த வேண்டியிருக்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பிடிப்பு நேரம் நீண்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு பாட்டியுடன் டாக்டரிடம் போங்கள். அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் பயன்படும். முழங்காலுக்கு அடியில் இரவு முழுதும் தலையணை வைக்கும் பழக்கத்தையும் சொல்லுங்கள். சுகமாக இருந்தாலும், நாளடைவில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடக்கூடும்.

"எங்கள் காலத்தில் எல்லோரும் பாயில் படுத்து நன்றாகத்தானே இருந்தோம்?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். பாயில் படுத்துச் சிரமமின்றி எழுபவரைக் கட்டிலில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. நம் கேள்வி பாய் உயர்ந்ததா, மெத்தை உயர்ந்ததா என்பதல்ல. இந்த உடம்புக்கு, இந்த வயதில், எது இரவில் தூக்கத்தையும் காலையில் எழும் தெம்பையும் கொடுக்கிறது என்பதுதான்.

அதற்கு விடை தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இன்றிரவு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, படுத்தால் எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். விஞ்ஞானம் அங்கிருந்து தொடங்கட்டும்!