சாலையில் சிந்தும் இரத்தத்துக்கு யார் பொறுப்பு?

காலடிப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து தேரடி வரை ஒரு முறை நடந்து, சுவர்களை மட்டும் பாருங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் சிரித்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் மீசைகூட சரியாக முளைக்கவில்லை! நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாக வரும் மவ்த் அறிவிப்புகளிலும் நிலைமை வேறல்ல. "எப்படி இறந்தார்?" என்று கேட்டால், "வண்டியில் அடிபட்டு" என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நோயில் போனவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நாம், வண்டியில் போனவரைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்குச் சராசரியாக 49 ஜனாஸா! ஒரு கலவரத்தில் இதில் பாதிப்பேர் இறந்திருந்தால் நாடாளுமன்றமே நின்றுபோயிருக்கும்.

இந்தப் பகுதியின் கதையே தனி. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை என்பதே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கால்நடையாகப் போகும் மனிதருக்காக அமைந்த ஊர். இன்று அதன் மேற்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலை, கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. குடிக்கத் தண்ணீரும் போக கழிப்பிடமும் இல்லாமல் காத்துக் கிடக்கும் ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் பேட்டா. வழி திறந்ததும், இழந்த நேரத்தை எங்கே பிடிப்பார்? சாலையில்தான் பிடிப்பார். அந்தச் சாலையைக் கடந்துதான் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஆகவே சகோதரர்களே, ஸ்டியரிங்கைப் பிடித்தவன் மட்டுமே குற்றவாளி என்று முடித்துவிடாதீர்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அதை மீறி ஓட்டச் சொன்ன முதலாளிக்கும் அந்த மரணத்தில் பங்கு உண்டு.

அடிபட்டவன் கீழே கிடக்கிறான். கூட்டம் கூடுகிறது. பாதிப்பேர் செல்போனில் படம் எடுக்கிறார்கள், மீதிப்பேர் ஓட்டுநரை இழுத்துப்போட்டு அடிக்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லை! 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்களே, ஏன்? விபத்து நடந்ததும் காவல்துறைக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் ஓடினால் பத்தாண்டுச் சிறை என்றது புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. "நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டு, நாங்கள் எங்கே போவது?" என்பதுதான் அவர்கள் கேள்வி. 2024 ஜூலை 1ல் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? கும்பல் கூடி ஒரு மனிதனை அடித்துக் கொல்வது என்றால் என்னவென்று நம் சமுதாயத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தக் கும்பலில் நம் இளைஞன் ஒருவன் கையும் ஓங்கியிருக்குமானால் அது வெட்கக்கேடு.

அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் போலீசும் கோர்ட்டுமாக அலைய வேண்டிவரும் என்ற பயம் பழைய கதை. 2016ல் உச்ச நீதிமன்றம் உதவியவருக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019 திருத்தத்தில் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே ஆகிவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. பிறகென்ன தயக்கம்?

இனி நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி. கசப்பாக இருந்தாலும் கேளுங்கள்! சைலன்சரைக் கழற்றிவிட்டு, மூன்று பேர் ஒரு வண்டியில், விரைவுச் சாலையிலும் கடற்கரைச் சாலையிலும் பந்தயம் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரவு வணக்கத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிறவனும் இருக்கிறான். பதினாறு வயதுப் பையனுக்குக் கடைச் சாவியையும் வண்டிச் சாவியையும் ஒன்றாகக் கொடுக்கும் வியாபாரப் பெருமக்களே, 199ஏ பிரிவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. சட்டம் உங்களைத்தான் தேடி வரும்.

பணம் படைத்தவனுக்குச் சட்டம் வளைகிறதே என்பீர்கள். உண்மைதான். 2024 மே 19 அன்று புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனை? விபத்தைப் பற்றி முந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை! இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானார்கள். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி மாண்டார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஆறு மாதம். உயர் நீதிமன்றம் மூன்றாண்டாக உயர்த்தியதை 2012ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்றாண்டு!

ஆனால் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? நம்மவன் ஒருவன் இடித்துக் கொன்றுவிட்டால் ஜமாஅத்தில் முதல் பேச்சு ஜாமீனைப் பற்றித்தான். இறந்தவன் வீட்டுக்கு யாரையாவது அனுப்பி, ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறோம். அலட்சியமாக ஓட்டி உயிர்போக்கிய வழக்கு சமரசம் செய்து முடிக்கக்கூடிய வழக்கே அல்ல என்பது பஞ்சாயத்தில் உட்காருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறார்கள். மவ்த் அவன் நாட்டம்தான். பிரேக் பிடிக்காத வண்டியை எடுத்தது யார் நாட்டம்?

தவறுதலாக ஓர் உயிர் போனாலும் சும்மா விட்டுவிடவில்லை மார்க்கம். அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தை விரித்துப் பாருங்கள். அடிமையை விடுதலை செய்வது, இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு. அதோடு இறந்தவரின் குடும்பத்துக்கு தியத். அந்தத் தொகையைக் கொன்றவனின் உறவினர்களான "ஆகிலா" பகிர்ந்து செலுத்த வேண்டும் என்பது ஃபிக்ஹு சட்டம். ஒருவன் செய்ததற்கு ஊரே கை நனைக்க வேண்டும் என்றால், அடுத்த முறை அவனிடம் சாவியைக் கொடுக்கும் முன் ஊர் யோசிக்கும்! பந்தயம் போய்க் கொன்றதைத் தவறுதல் என்று சொல்லலாமா என்பதையும் உலமாக்கள் மிம்பரில் பேசட்டும்.

நம்மவர் இறந்துபோகும்போது நடப்பது இன்னொரு கொடுமை. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற காலவரம்பு 2022 ஏப்ரலிலிருந்து திரும்ப வந்திருக்கிறது. விதவைக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். அவள் வெளியே வரும்போது மிச்சமிருப்பது ஐம்பது நாள்! அதற்குள் மருத்துவமனை வாசலில் நிற்கும் தரகன் வீட்டுக்கே வந்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருப்பான். வக்காலத்தை வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், அவள் படியிறங்க வேண்டியதில்லை என்று எந்த ஜமாஅத் போய்ச் சொன்னது? இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்ச ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. எத்தனை பேர் வாங்கினார்கள்?

கடைக்காரர்களும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். உங்கள் கடையில் வேலை பார்த்த இருபத்தெட்டு வயதுப் பையன் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டு இறக்கிறான். மாதச் சம்பளம் 15,000 என்று தாளில் இருந்தால், ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 17ஆல் பெருக்கும் தீர்ப்பாயம். 20,40,000 ரூபாய், மற்ற சேர்மானங்கள் தனி. வரிக்குப் பயந்து 8,000 என்று நீங்கள் எழுதி வைத்திருந்தால் 10,88,000. அந்த ஒன்பதரை லட்சம் அனாதைகளின் பணம்.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு வழக்கறிஞரும் இரண்டு இளைஞர்களும் இந்த வேலைக்கென்றே இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கவும், ஆறு மாதத்தை எண்ணவும், தரகனை வாசலில் நிறுத்தவும். இறந்தவர் எந்த மதத்தவர் என்று பார்க்காதீர்கள். இடித்தது நம்மவன் என்றால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், காவல் நிலையத்துக்கு அல்ல.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கடை வண்டியின் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் நாளைக் காலை அந்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக்கூடாது.