கொலையாளி தெரியும், அப்புறம்?

போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மலைக்குள் இறங்கினால் ராஜாக்காடு அதிகத் தொலைவில்லை. 2013 டிசம்பரில் வெளியான ஜீத்து ஜோசப்பின் 'த்ருஷ்யம்' கதை நடக்கும் ஊர் இது (படமெடுத்தது என்னவோ பெரும்பாலும் தொடுபுழைப் பக்கம்). நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கேபிள் டி.வி.க்காரர் ஜார்ஜ்குட்டி. ஐ.ஜி.யின் மகனை அவருடைய மூத்த மகள் அடித்துக் கொல்வது நம் கண்ணெதிரிலேயே நடக்கிறது. ரசிகன் துப்பறிய எதுவும் மிச்சமில்லை. குடும்பம் மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் கவலை.

உத்தி பழையது. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912லேயே இப்படிக் கதைகள் எழுதிப் புத்தகமாக்கிவிட்டார். சின்னத்திரையில் அதை நிலைநிறுத்தியது அமெரிக்காவின் 'கொலம்போ'. 1971ல் அது தொடரானபோது வந்த முதல் கதையை இயக்கியவர் 24 வயது ஸ்பீல்பெர்க். துப்பறியும் கதை எழுதும் ஒருவன், கூட்டாளியைத் தொலைவிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போய், 'ஆபீசில்தான் இருக்கிறேன்' என்று மனைவிக்கு ஃபோன் செய்ய வைத்து, பேச்சின் நடுவிலேயே சுடுகிறான்.

ஜார்ஜ்குட்டியின் ஏற்பாடு இதைவிடக் கெட்டி. அவர் பொய்சாட்சிகளைத் தேடுவதில்லை. பஸ் கண்டக்டர், ஓட்டல்காரர், தியேட்டர் ஆபரேட்டர் எல்லோரும் நிஜமாகவே அவர்களைப் பார்த்தவர்கள். பிற்பாடு போன பயணத்தை ஆகஸ்ட் 2, 3 என்று அவர்கள் மனதில் பதிய வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். சினிமா பார்த்தே கற்ற வித்தை.

கொலம்போவில் குற்றவாளிகள் பெரும்பாலும் பங்களாவாசிகள். கசங்கிய மழைக்கோட்டும் லொடலொட காருமாக வரும் லெஃப்டினன்ட்டின் பக்கம் ரசிகன் சாய்வதில் வியப்பில்லை. அவர் கைநீட்டுவதும் கிடையாது, கேள்வி கேட்டே ஆளைக் கரைத்துவிடுவார். ராஜாக்காட்டில் எல்லாம் தலைகீழ். அதிகாரம் போலீசிடம். கான்ஸ்டபிள் சகதேவன் சின்னப் பெண்ணை அடிக்கும்போது நாம் கொலையை மறைப்பவர் பக்கம் போய்விடுகிறோம். 2015ல் 'பாபநாசம்' ஆக இதைப் பார்த்து, 2020ல் சாத்தான்குளம் செய்தியையும் படித்த தமிழ் ரசிகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் படம் நம்மை அத்தனை லேசில் விடுவதில்லை. ஐ.ஜி. கீதா பிரபாகர் ஒரு தாயும்கூட. வேலையை விட்டுவிட்டு, மகன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டுக் கணவரோடு வந்து நிற்கிறார். ஜார்ஜ்குட்டி பட்டும்படாமல் ஒப்புக்கொள்கிறார். உடல் எங்கே என்று மட்டும் சொல்வதில்லை. அது நமக்குத்தான் காட்டப்படுகிறது: புதிய காவல் நிலையத்தின் தரைக்கு அடியில்.