ஏழரை மணி ரசம்

டொரண்டோவில் நண்பர் மகன் ஒருவன் இருக்கிறான். வயது முப்பது. ‘பையன் என்ன பண்றான்?’ என்று யாராவது கேட்டால் நண்பர், ‘கம்ப்யூட்டர்ல இருக்கான்’ என்று சொல்லிவிட்டு அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பொய் இல்லை. பையன் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறான். சீட்டாடுகிறான்!

ஆன்லைன் போக்கர். காசு வைத்து. அவன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 ஏப்ரலில் இருந்து தனியார் கம்பெனிகளுக்கும் இதற்கு லைசென்ஸ் தருகிறார்கள். (இங்கே யாரும் ஆசைப்பட வேண்டாம். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய சட்டமே தடை போட்டுவிட்டது.)

போன வருஷம் பத்து நாள் அவனோடு தங்கினேன். தாடி, சிகரெட், சிவந்த கண் என்று எதிர்பார்த்துப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம். காலையில், நேற்று ஆடியதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறான், ஆடிட்டர் மாதிரி. மத்தியானம் ஒரே சமயத்தில் நான்கு மேஜையில் ஆட்டம். சாயங்காலம் ஏழரை அடித்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் லேப்டாப்பை மூடிவிட்டு ரசம் வைக்கப் போய்விடுகிறான்.

“ஏழரையா? நேரமே சரியில்லையேடா!”

“சனி அதுக்கப்புறம்தான் அங்கிள் ஆரம்பிக்கும்.”

“கணக்கு தெரிஞ்சா ஜெயிக்கலாம்னு சொல்றாங்களே?”

“கணக்கு எல்லாருக்கும் தெரியும். முதல் ரெண்டு சீட்டும் ஏஸா வர்றது 221-ல ஒரு தடவை. அப்படி வந்தும், எதிராளி கையில என்ன குப்பை இருந்தாலும் நூத்துக்குச் சுமார் பதினஞ்சு தடவை தோப்போம். அந்தப் பதினஞ்சு வர்றப்ப என்ன பண்றோம்கிறதுதான் தொழில்.”

மூளை சூடாகி, விட்டதைப் பிடிக்கிறேன் என்று கன்னாபின்னாவென்று கட்டுவதற்கு அவர்கள் பாஷையில் ‘டில்ட்’ என்று பெயர். முதல் வருஷம் ஒரு ராத்திரி பையனுக்கு அது நடந்தது. பக்கத்தில் ஆறிப்போன பீட்ஸா. விடிவதற்குள் எட்டு மாதச் சேமிப்பு காலி. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. (பெயர் போடாமல் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

பசியே எடுக்காத ஆட்டக்காரன் ஒருவன் உண்டு. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராடஸ்’ என்ற புரோகிராம், நான்கு கில்லாடிகளுடன் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடியது. ராத்திரி அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அது தன் ஆட்டத்தில் இருந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸ் மெஷின் பக்கம்!

“அது மாதிரி நம்மால உட்கார முடியாது அங்கிள். நமக்குப் பசிக்கும், கோபம் வரும். யாராவது சாப்பிடக் கூப்பிடணும். இங்கே யார் இருக்கா? அதான் ரசம். நுரை கட்டினதும் இறக்கணும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு விட்டா போச்சு.”

நான் கிளம்புவதற்கு முதல் நாள். மத்தியானத்தில் இருந்தே பையன் முகம் சரியில்லை. ஏழு இருபத்தைந்துக்கு மவுஸைப் பிடித்த கை வெளுத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. ஏழரை. லேப்டாப் மூடுகிற சத்தம். மிளகு தட்டும்போது கை லேசாக நடுங்கியது.

“எவ்வளவுடா?”

“சாப்பிட்டப்புறம் கேளுங்க.”

சாப்பிட்டபின் கேட்டேன். “காலையில பார்த்துக்கலாம் அங்கிள்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு நறுக்கென்று பதில் மெயில் அடிக்க உட்காரும் ஆபீஸ் நண்பர்களே! முதலில் புளியைக் கரையுங்கள். மெயில் காலையில் போகட்டும்.

பி.கு.: அன்றைக்கு ரசத்தில் உப்பு தூக்கல். சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அவன் தோற்றது போதும்.