உரிம வாசகங்களை மொழிபெயர்ப்புக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய உள்ளூராக்கப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் கேமைத் தமிழாக்க வந்த எக்செல் கோப்பில் ‘புதிய ஆட்டம்’, ‘வெளியேறு’ போன்ற மெனு வரிகளை அடுத்து, அதில் பயன்பட்டிருக்கும் பிறர் மென்பொருள்களின் உரிம வாசகங்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்புதான்: தமிழாக்குக, நீண்டால் சுருக்குக. உரிம வாசகங்களைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற வேண்டுகிறேன். வேறு நிறுவனங்களின் கோப்புகளும் இப்படித்தான் வருகின்றன என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கேம் ஓடுவது கோடோ என்னும் கேம் இன்ஜினில். அதற்கு நீங்கள் பணம் கட்டவில்லை. அதன் எம்ஐடி உரிமம் கேட்பதெல்லாம், பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும் என்பதே. 2014 வரை இன்ஜினை வளர்த்த யுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும், அதன்பின் வந்த பங்களிப்பாளர்களும் அந்த வரியில்தான் இருக்கிறார்கள். இன்ஜினுக்குள் இருக்கும் ஃப்ரீடைப், ஈநெட் போன்ற பிறர் நூலகங்களுக்கும் தனித்தனி அறிவிப்புகள் உண்டு. இடம் போதவில்லை என்று இவற்றில் கைவைத்தால் உரிமத்தின் நிபந்தனையையே மீறுகிறோம்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் பொம்மை ரயில்களை இயக்கும் திறமூல மென்பொருள் ஒன்றின் கோப்புகளை எடுத்து, ஆசிரியர் பெயர்களையும் பதிப்புரிமை அறிவிப்புகளையும் விட்டுவிட்டு ஒருவர் வெளியிட்டார். 2008இல் ஜேக்கப்சன் எதிர் கேட்ஸர் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று தீர்ப்பளித்தது. இலவசமாகக் கொடுத்தவருக்கும் உரிமை உண்டு.

சுருக்காமல் முழுதாகவே தமிழாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே அதன் எந்த மொழிபெயர்ப்பையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஒரு பிழை நேர்ந்தாலும் விளைவு பெரிது என்ற அச்சம் அவர்களுக்கு. ஆங்கில மூலமே செல்லும் என்று எழுதித்தான் பிறமொழி வடிவங்களை வெளியிட விடுகிறார்கள். வழக்கறிஞர்களை வைத்திருக்கும் அவர்களே இவ்வளவு தயங்கும்போது, மெனு வரிக்குத் தரும் கூலியிலும் கெடுவிலும் இந்த வாசகங்களுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பேன்?

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. கோப்பில் உள்ள உரிமப் பட்டியல் ஆங்கிலப் பதிப்புக்காகத் தயாரானது. தமிழுக்கென்று நீங்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்திருக்கிறீர்கள். அதன் எஸ்ஐஎல் திற எழுத்துரு உரிமம், பதிப்புரிமை அறிவிப்பும் உரிமமும் பிரதியுடன் போக வேண்டும் என்கிறது. பட்டியலில் அது இல்லை. எழுத்துகளை வடிவமைக்கும் நூலகமான ஹார்ஃப்பஸ்ஸும் இல்லை. 2023இல் வந்த கோடோ 4 அந்த நூலகத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் தமிழ் அதில் ஒழுங்காகத் தெரிகிறது. முந்தைய பதிப்புகளில் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் எழுத்தைத் திரையில் நேராக நிறுத்தியவர்களுக்குத் தமிழ்ப் பதிப்பிலேயே இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வரிகளைச் சேர்ப்பது யார் வேலை? மொழிபெயர்ப்பாளருக்குக் கோப்பில் கைவைக்க உரிமை இல்லை. எழுத்துருவைச் சேர்த்த நிரலாளருக்குப் பட்டியல் இருப்பதே தெரிவதில்லை. அந்தப் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

உரிம வாசகங்களைத் தனிக் கோப்பாக்கிப் பூட்டிவிடுங்கள். எங்களுக்குத் தலைப்பும், மூல வாசகமே செல்லும் என்று விளக்கும் ஓரிரு வரிகளும் போதும். அவற்றை நல்ல தமிழில் எழுதித் தருகிறோம். தமிழ் எழுத்துருவில் இல்லாமல் போகக்கூடிய பதிப்புரிமைக் குறியும் ஐரோப்பியப் பெயர்களின் புள்ளியிட்ட எழுத்துகளும் வெறும் கட்டங்களாகத் தெரியாதபடி மாற்று எழுத்துரு ஒன்றையும் இணையுங்கள்.

கடைசியாக ஒன்று: உங்கள் சட்டப் பிரிவினர் உரிமப் பக்கத்தை எக்செல்லில் அல்ல, ஓடும் தமிழ்ப் பதிப்பில் திறந்து வரிவரியாகப் பார்க்கட்டும். அவர்கள் ஒப்புதல் தரும்வரை வெளியீட்டை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேமைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்