ஏடு இருக்கிறது, எழுத்தைக் காணோம்

பழைய டாஸ் மென்பொருள்களை இன்றைய கணினியில் ஓட்டிப் பார்க்க மெனக்கெடுபவர்கள்மீது நம்மிடையே ஓர் இளக்காரம் உண்டு. பழைய கிராமபோன் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வது போன்ற பொழுதுபோக்கு அது என்பார்கள். பிறர் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பாடமாகப் படித்த தமிழ்த்துறை நண்பர்களும் அப்படிச் சொல்வதுதான் வியப்பு. ஏனெனில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் செய்வது, பதிப்பாசிரியர்கள் செய்த அதே வேலையைத்தான் என்பது என் கருத்து.

எனக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவர் 1990களின் தொடக்கத்தில் தம் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் திரட்டினார். டாஸில் இயங்கிய தமிழ்ச் சொற்செயலி ஒன்றில் அவற்றைத் தாமே தட்டச்சு செய்து வைத்தார். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. பாடிய மூதாட்டிகள் இன்றில்லை, பேராசிரியரும் இல்லை. எஞ்சியவை பதினோரு ஃபிளாப்பிகள். இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வட்டைப் படிப்பது முதல் தடை. மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளுக்கு யூஎஸ்பி வழியே இணைக்கும் கருவி இன்றும் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்குப் பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைக் கடந்து கோப்பைத் திறந்தால் திரை நிறையப் பொருளற்ற குறிகள். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் கோப்பு நலமாகவே இருக்கிறது. அதைப் படிக்கும் நெடுங்கணக்குதான் நம்மிடம் இல்லை.

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆக 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கென்று வரையறுக்கப்பட்டவை. தமிழுக்குப் பொது வரையறை நடைமுறையில் இல்லாததால், மென்பொருள் செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் எழுத்துகளை அமர்த்தினார். ஒருவரின் ககரம் இன்னொருவரின் மகரம். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஆயினும் அது பொதுப் பழக்கத்துக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்துத் தமிழ் முழுவதும் தனித்தனிச் சாவிகளால் பூட்டப்பட்டது. அந்தச் சாவி எங்கே இருக்கிறது? அந்தந்த மென்பொருளுக்குள்ளேதான். ஆகவே மென்பொருளை ஓட்டாமல் கோப்பைப் படிக்க முடியாது.

ஓட்டுவதும் எளிதன்று. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல்கள் நேரடியாக இயங்கா. 2021இல் வந்த விண்டோஸ் 11 அந்த 64 பிட் வடிவில் மட்டுமே வெளியானது. எனவே 2002 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் டாஸ்பாக்ஸ் போன்ற போலிப் பொறிகளின் துணை வேண்டும். கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை நடித்துக் காட்டுகிற நிரல் இது. இதனுள்ளும் சோதனைகள் உண்டு. டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட நிரல்கள் பல தொடங்கியவுடனே 'பிழை 200' என்று சொல்லி நின்றுவிடும். காரணம் வேடிக்கையானது. தொடக்கத்தில் அந்த நிரல் 55 மில்லி நொடியில் கணினி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். கணினி மிக விரைவாக இருந்தால் ஈவு தனக்குரிய 16 பிட் இடத்தில் அடங்காமல் வழியும்; நிரல் விழும். கணினியின் வேகமே இங்கே குற்றம். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து, கணினியைக் கிழவனாக்கி உட்காரவைத்தால்தான் எழுத்து தெரிகிறது.

தெரிந்த எழுத்தை வெளியே எடுப்பது அடுத்த பாடு. அந்நாள் நிரல்கள் இணைநிலைத் துறை வழியாகப் புள்ளி அச்சுப்பொறியுடன் நேரடியாகப் பேசியவை. இன்றைய மடிக்கணினியில் அந்தத் துறையே இல்லை. ஆகவே திரையில் அகரம் தெரியும்போது கோப்பில் எந்த எண் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கையால் ஓர் அட்டவணை எழுதிக்கொண்டேன்.

இங்கேதான் நண்பர்களின் தடைவிடை தொடங்குகிறது. அட்டவணை வந்துவிட்டதல்லவா, ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பழைய மென்பொருளைத் தூக்கிப்போடலாமே என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றம் என்பது படியெடுத்தல் அன்று, பாடம் தீர்மானித்தல். பழைய குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகக் கிடக்கும். ஒருங்குறியில் மெய் முதலில். உயிர்க்குறி அதன் பின்னர். மாற்றுநிரல் கொம்பைத் தூக்கிப் பின்னே வைக்க வேண்டும். ஔகாரக் குறியோ ளகரத்தின் வடிவத்தையே ஒத்தது. தட்டச்சு செய்தவர்களில் பலர் இரண்டையும் வேறுபடுத்தவில்லை. எனவே கொம்பு, வகரம், ளகரம் என்று வந்தால் அது 'வெள'வா 'வௌ'வா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இணையத்தில் ஏறியுள்ள பழைய நூல்களில் 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' என்று சிதைந்து கிடப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். தெரிந்த சொல்லைத் திருத்திக்கொள்ளலாம். அகராதி ஏறாத வட்டாரச் சொல் ஒரு தாலாட்டில் வந்தால் எதைக்கொண்டு திருத்துவது? மூல மென்பொருளில் அந்த இரு குறிகளையும் தட்டிப் பார்த்து, அவை ஒரே எண்ணைத் தருகின்றனவா, வெவ்வேறு எண்களையா என்று சோதித்தாக வேண்டும். மூலத்தைத் தூக்கிப்போட்டவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

புள்ளியில்லாத ஏடுகளில் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று தடுமாறி, பல படிகளை ஒப்பிட்டு உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சு நூல் வந்துவிட்டதே, இனி ஏடுகள் எதற்கு என்று நாம் சொல்வதில்லை. டாஸ் கோப்புக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

மற்றவர்கள் இதை உணர்ந்து செயல்படுகிறார்கள். எம்.எஸ்.டாஸின் தொடக்ககால மூலநிரல்களை மைக்ரோசாஃப்ட் 2014இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியிட்டது. 2024இல் நான்காம் பதிப்பையும் வெளியிட்டது. இணைய ஆவணகம் 2015இல் ஆயிரக்கணக்கான டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஓடும்படி செய்தது. கனடிய அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர், தாம் எழுதப் பயன்படுத்தும் வேர்ட்ஸ்டார் 7ஐக் கையேடுகளோடு தொகுத்து 2024இல் பொதுவில் வைத்தார். எழுத்தாளர் ஒருவரே இதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழிலும் கனடாவின் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு என 1980களிலேயே முன்னோடி முயற்சிகள் தோன்றின. அக்காலத் தமிழ் மென்பொருள்கள் இலக்கிய வரலாற்றின் கருவிநூல்கள். ஆனால் நான் சென்ற கல்லூரி நூலகங்கள் எதிலும் அவற்றில் ஒன்றைக்கூட வரிசையெண் இட்டு வைத்திருக்கக் கண்டதில்லை. அந்நாளில் மென்பொருள் எழுதியவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதன்று. விற்பனை முடிந்துபோன பதிப்பை ஆய்வுக்குத் திறந்துவிடுங்கள். இயலாவிட்டால் குறியேற்ற அட்டவணையையாவது தாருங்கள்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. வட்டை முழுப் படிமமாக எடுத்து, மூலக் கோப்பு, மென்பொருள், அட்டவணை, ஒருங்குறிப் படி, காகித அச்சு ஆகிய ஐந்தையும் ஒன்றாக வைத்தால் அது ஒரு பதிப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்து வருபவருக்கு ஒரு சாட்சி குறையும்.

பேராசிரியரின் பதினொன்றில் இதுவரை எட்டு வட்டுகள் வாய் திறந்திருக்கின்றன. காந்தப் பூச்சு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உங்கள் துறையில் பழைய பொருள்களை ஏலத்துக்கு ஒதுக்கும் நாளில், அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் ஃபிளாப்பிப் பெட்டியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதைத் திறக்கத் தெரிந்த பொழுதுபோக்குக்காரர் ஒருவர் அருகிலேயே இருப்பார்.