இரண்டாம் எண்ணிக்கை யாருக்குக் கசக்கிறது?

வாக்குச்சீட்டில் ஒற்றைப் புள்ளடிக்குப் பதிலாக 1, 2, 3, 4 என வரிசையிட்டால் ஜனநாயகமே களவு போய்விடும் என்று ஐக்கிய அமெரிக்காவின் வலதுசாரிகள் கூப்பாடு போடுகின்றனர். 2022இல் ரெனசி, புளோரிடா ஆகிய மாநிலங்கள் இம்முறையைச் சட்டமியற்றியே தடைசெய்தன. களவு போனது எது, அது யாருடைய உடைமை என்று நாம் கேட்கிறோம்.

அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்காவில் நடந்த செனற் தேர்தலை நோக்குவோம். முதலெண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் லீசா மேர்க்கோவ்ஸ்கி 43.4 சதவீதமும், அதே கட்சியைச் சேர்ந்தவரும் ட்ரம்பின் ஆசி பெற்றவருமான கெலி சிபாக்கா 42.6 சதவீதமும் பெற்றனர். இடைவெளி ஏறத்தாழ 2,000 வாக்குகளே. எவரும் பாதியைத் தாண்டாமையால் கடைநிலையில் நின்றோர் நீக்கப்பட்டனர். ஜனநாயகக் கட்சியின் பற் செஸ்புரோ பெற்ற பத்துச் சதவீதத்தின் பெரும்பகுதி மேர்க்கோவ்ஸ்கியைச் சென்றடைந்தது. முடிவு 53.7க்கு 46.3.

முதலெண்ணிக்கையிலும் முன்னின்றவர் மேர்க்கோவ்ஸ்கியே. பின் எதைப் பறித்தார்கள்? பழைய முறையாயின், “வாக்கைச் சிதறடிக்காதே, உன் வேட்பாளரைக் கைவிடு” என்ற உபதேசம் செஸ்புரோவின் ஆதரவாளரை நோக்கி எழுந்திருக்கும். சிறு கட்சிகளின் கழுத்தை நெரித்துவந்த அந்த உபதேசம் இங்கே பல்லிழந்தது. இடதுசாரிகள் இதனை அற்பமென்று தள்ளிவிடலாகாது.

வலதுசாரிகளின் மெய்யான ஆத்திரம் வேறிடத்தில் இருக்கிறது. 2010இல் மேர்க்கோவ்ஸ்கி தம் கட்சியின் முன்தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றார். வாக்காளர் தம் கையால் அவர் பெயரைச் சீட்டில் எழுதியே அவரைக் காப்பாற்றினர். 2020இல் சர்வசன வாக்கெடுப்பால் வந்த சீர்திருத்தமோ கட்சி முன்தேர்தலையே அகற்றி, முதல் நால்வரைப் பொதுத்தேர்தலுக்கு அனுப்பியது. கட்சிக்குள் ஒரு தீவிரக் கும்பல் கையில் வைத்திருந்த கத்தி அன்றே பறிபோயிற்று.

ஆயினும் இதனை விடுதலை மருந்தாய் விற்போரோடும் நமக்கு உடன்பாடில்லை. அச்சீர்திருத்தப் பிரசாரத்துக்கு மாநிலத்துக்கு வெளியேயிருந்து பெரும் பணம் கொட்டப்பட்டது. இறுதியில் அலாஸ்காவின் தொழிலாளிக்கு வாய்த்ததோ இரு குடியரசுக் கட்சியினருள் ஒருவரைத் தெரியும் உரிமை! எண்ணும் முறை மாறினால் உடைமை முறை மாறிவிடாது.

நமது நாட்டில் 1978 அரசியலமைப்பு முதற்கொண்டே சனாதிபதித் தேர்தலில் விருப்பத் தெரிவு உண்டு. 2024இல் தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச ஆகிய இருவரும் அல்லாதோர் பெற்ற சுமார் 33 இலட்சம் வாக்குகளில், இவ்விருவரில் ஒருவருக்கு மாறிச் சேர்ந்தவை மூன்று இலட்சத்தை எட்டவில்லை. வென்றவரோ செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தொடவில்லை. பெரும்பான்மையைத் திரட்டுவதற்கென்று வகுத்த ஏற்பாடு அதைத் திரட்டாமலே முடிந்தது. வகுப்பறையில் குடியியல் போதிக்கும் நம் தோழர்கள், அந்த வெற்றுக் கட்டங்களை எப்போதாவது கரும்பலகையில் வரைந்து காட்டினரா?