குழந்தையின் சார்பில் பேசுவது யார்?

புது தில்லி: கணவன், மனைவி பிரியும்போது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் தீர்மானிக்கின்றன. தந்தைக்காக ஒரு வழக்குரைஞரும் தாய்க்காக ஒரு வழக்குரைஞரும் வாதாடுகின்றனர். யாருடைய எதிர்காலம் தீர்மானிக்கப்படுகிறதோ, அந்தக் குழந்தையின் சார்பில் பேசப் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.

இந்தக் குறை எத்தகையது என்பதை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று உணர்த்தியது. சிறுவன் ஒருவனைத் தந்தையிடம் ஒப்படைக்க 2024-இல் உறுதி செய்த உத்தரவை மறு ஆய்வு செய்த நீதிமன்றம், அவன் தாயிடமே வளரலாம் என மாற்றியமைத்தது. தாயைப் பிரிய நேரிடும் என்ற அச்சம் சிறுவனின் மனநலத்தைப் பாதித்திருப்பதாக உளவியல் நிபுணர்கள் அளித்த அறிக்கைகளே இதற்கு முக்கியக் காரணம். ஆனால், முதல் உத்தரவு பிறந்த பிறகே அந்த அறிக்கைகள் நீதிமன்றத்தின் முன் வந்தன.

சொத்துக்கு உண்டு, வாழ்வுக்கு இல்லை: மைனர் ஒருவர் மீது சொத்து வழக்கு தொடரப்பட்டால் நிலைமை வேறு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆவது ஆணைப்படி, அவருக்காக வழக்கை நடத்தக் காப்பாளர் ஒருவரை நீதிமன்றம் நியமித்தாக வேண்டும். மைனரின் நலனுக்கு முரணான நலன் கொண்டவர் அப்பொறுப்பை ஏற்க முடியாது. நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் சமரசம் செய்துகொள்ளவும் இயலாது.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்படும் குழந்தைகளுக்கும், 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகள் ஆதரவாளர் ஒருவரின் துணைக்கு வழிவகுத்துள்ளன.

பராமரிப்பு உரிமை வழக்கிலோ குழந்தை ஒரு தரப்பாகக் கருதப்படுவதில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டம் குழந்தையின் நலனையே வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்கிறது. விவரம் அறிந்த வயதுடைய குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

நீதிபதியின் தனியறையில்: பெற்றோர் நிலையில் நின்று குழந்தையின் நலன் காப்பது நீதிமன்றத்தின் கடமை என்பது நெடுங்காலக் கோட்பாடு. இதன்படி நீதிபதிகள் பலர் குழந்தையைத் தமது அறைக்கு அழைத்துப் பேசுகின்றனர். ஆனால், ஒருவரிடமே வளரும் குழந்தை கூறுவது அதன் சொந்த விருப்பமா, உடனிருப்பவர் ஊட்டிய எண்ணமா என்பதைச் சில நிமிட உரையாடலில் அறிவது கடினம். இத்தகைய தாக்கத்தின் ஆபத்தை உச்ச நீதிமன்றமே 2017-இல் விவேக் சிங் வழக்கில் சுட்டிக்காட்டியது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று, பலமுறை பேசி, குழந்தையின் நிலையை நீதிமன்றத்துக்கு எடுத்துரைக்கும் காப்பாளர் இந்த இடைவெளியை நிரப்பக்கூடும். இங்கிலாந்தில் இப்பணிக்கென 2001-இல் தனி அமைப்பே ஏற்படுத்தப்பட்டது.

எதிர்வாதங்களும் இல்லாமல் இல்லை. செலவு கூடும், வழக்கு நீளும், பயிற்சியற்றவர் நியமிக்கப்பட்டால் மூன்றாவது வழக்காடியாகிவிடுவார். குழந்தை விரும்புவதைச் சொல்வதா, அதற்கு நன்மையானதைச் சொல்வதா என்ற சிக்கலும் உண்டு. இரண்டையும் தனித்தனியே நீதிமன்றத்தின் முன் வைப்பதே முறையாகும்.

நாடாளுமன்றத்தின் பொறுப்பு: குழந்தை தனது கருத்தை நேரடியாகவோ பிரதிநிதி மூலமோ நீதிமன்றத்தில் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. 1992-இல் இந்தியா இதை ஏற்றது. கூட்டுப் பராமரிப்பு, குழந்தையின் விருப்பத்தை அறிதல் உள்ளிட்டவை குறித்துச் சட்ட ஆணையம் தனது 257-ஆவது அறிக்கையை 2015 மே மாதம் அளித்தது. அதன் பரிந்துரைகள் இன்னும் சட்டமாகவில்லை.

எனினும், புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், நீதிமன்றத்துக்கு உதவச் சட்ட வல்லுநரை அழைக்கவும், குழந்தை நல வல்லுநரின் துணையைப் பெறவும் இடமளிக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமோ குழந்தைக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது. இவற்றை இணைத்தாலே முதல் அடி எடுத்து வைக்கலாம்.

ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்த சலுகையாகவே இருக்கும். நிலத்துக்காக நடக்கும் வழக்கில் குழந்தைக்குக் கிடைக்கும் பிரதிநிதி, அதன் வாழ்வுக்காக நடக்கும் வழக்கிலும் உரிமையாகக் கிடைக்க வேண்டுமானால், முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றமே.